நேரம் நீக்கு, நேரம் மாற்று

டயாலிசிஸ் நிலையத்திலிருந்து அவளுக்கு அழைப்பு வந்தபோது மணி பன்னிரண்டரை. மூத்த செவிலி சுற்றி வளைக்கவில்லை.

"கம்ப்யூட்டரம்மா, உங்க மெஷின் பஸ் ஓட்டுநரோட நேரத்தை வேற ஒருத்தருக்குத் தூக்கிக் குடுத்துடுச்சு. மனுஷன் கால் வீங்கிப் போய் உக்காந்திருக்காரு. கடைசியா ரத்தம் சுத்தம் பண்ணி மூணு நாளாச்சு. மூச்சு வாங்குது."

அந்த நிலையத்தில் தொலைபேசியை எடுத்து நோயாளிகளிடம் பேசுவது ஒரு ஏஐ. நேரம் குறிக்க, மாற்ற, செய்தி அனுப்ப என்று அதன் கையில் பதினான்கு கருவிகள். எதை எப்போது எடுக்க வேண்டும் என்று அதற்குச் சொல்லும் குறிப்புகளை எழுதியவள் அவள்தான். மடிக்கணினியை மார்போடு அணைத்துக்கொண்டு இடையில் இருந்த இரண்டு தெருவையும் ஓடியே கடந்தாள்.

ஓட்டுநரின் படுக்கையில் காத்திருப்போர் பட்டியலில் இருந்த ஒரு பெண்மணி. பாதி சிகிச்சையில் அவரை எழுப்ப முடியாது. அவசரத்துக்கென்று மூலையில் வைத்திருந்த இயந்திரத்தைக் கழுவிச் சோதிக்கத் தொடங்கியிருந்தார்கள். மூன்று மணியாகும் என்றார்கள்.

செவிலியின் அறையில் நின்றபடியே ஓட்டுநர் முந்தைய நாள் பேசிய அழைப்பின் பதிவைக் கேட்டாள்.

"நாளைக்குக் காலையில வேணாம்மா. மருமகளை ஸ்கேனுக்குக் கூட்டிட்டுப் போகணும். அது முடிஞ்சதும் வந்துடறேன்."

"சரிங்க ஐயா, உங்க நேரத்தை நீக்கிட்டேன்."

"நல்லதும்மா." வைத்துவிட்டார்.

குறிப்புகளைத் திறந்தாள். 'நேரம் நீக்கு: நோயாளியின் நேரத்தை நீக்கும்.' அடுத்த வரி, 'நேரம் மாற்று: நோயாளியின் நேரத்தை மாற்றும்.' அவ்வளவுதான். நீக்கிய நொடியே அந்த இடம் அடுத்தவருக்குப் போய்விடும், திரும்பக் கிடைக்காது என்பது அவளுக்குத் தெரியும், செவிலிக்கும் தெரியும். ஏஐக்கு யாரும் சொல்லவில்லை. பதினான்கையும் ஒரே காலையில் எழுதி முடித்துவிட்டதாக அன்று வீட்டில் பெருமையடித்தது நினைவுக்கு வந்து காது சுட்டது.

"தப்பு என்னோடது சிஸ்டர்."

"கட்டிட்டு வான்னா வெட்டிட்டு வர்ற ஜென்மம்னு அதைத் திட்டிட்டிருந்தேன். நீங்க கட்டுன்னே சொல்லலையா?"

அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. வராந்தாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாள்.

"உக்காரும்மா," என்றார் ஓட்டுநர். "நீ நடக்கறதைப் பாத்தா எனக்குத்தான் இன்னும் மூச்சு வாங்குது."

உட்கார்ந்தாள். ஃபோனில் பேசும் ஏஐக்குக் குறிப்பு எழுதியது தான்தான் என்று சொன்னாள். அவர் முகம் சட்டென்று இறுகியது.

"வேணாம்னா ஒரேயடியா வேணாம்னு அர்த்தமா? வந்துடறேன்னு சொன்னேனே, அது காதுல விழலையா? ஒரு வார்த்தை திருப்பிக் கேட்டா என்னவாம்?"

அவள் எழுந்து செவிலியிடம் போனாள்.

"புதுசா ஒரு நர்ஸ் வந்தா இதுக்கு என்ன சொல்லிக் குடுப்பீங்க?"

குழாய்களைப் பொருத்தியபடியே செவிலி சொல்லச் சொல்ல, அவள் அடித்துத் திருத்தி எழுதினாள்: 'நோயாளி இனி இந்த நேரம் தேவையே இல்லை என்று உறுதியாகச் சொன்னால் மட்டும் நீக்கு. நீக்கினால் இடம் உடனே வேறொருவருக்குப் போகும், மீட்க முடியாது. தள்ளி வருகிறேன், அப்புறம் வருகிறேன் என்றால் நேரம் மாற்று. எது என்று தெளிவாகாவிட்டால் கேள். கேட்காமல் இரண்டையும் தொடாதே.'

சோதனை எண்ணுக்கு அழைத்து, ஓட்டுநரின் வாக்கியத்தை ஏழெட்டு விதமாகக் குழப்பிப் பேசிப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் அது நிதானமாகத் திருப்பிக் கேட்டது. மூச்சு விட்டாள். பக்கத்தில் நின்ற செவிலி தொலைபேசியை வாங்கி, "உடம்பு முடியலம்மா, இன்னைக்கு வரல," என்றார்.

"அப்படியா, வேறொரு நாளுக்கு மாத்தித் தரட்டுமா?"

"அடிப்பாவி!" செவிலி அலறினார். "உடம்பு முடியலன்னு யாராவது சொன்னா, அது முதல்ல என்கிட்ட சொல்லணும்!"

மூன்றேகாலுக்கு ஓட்டுநரை இயந்திரத்தில் இணைத்தார்கள். ஐந்து மணிக்கு மூச்சு சீரானது. மருமகள் அப்போதுதான் கைக்கு வந்த ஸ்கேன் படத்தோடு வந்து நின்றாள். அவர் அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, "மூக்கு நம்ம வீட்டு மூக்கு," என்றார்.

மடிக்கணினியோடு நின்ற அவள் செவிலியிடம், "எல்லாம் திருத்தற வரைக்கும் ஃபோனை ஆளுங்களே எடுக்கட்டும் சிஸ்டர்," என்றாள்.

"எத்தனை நாள்?"

"தெரியல. இன்னும் பன்னெண்டு குறிப்பு இருக்கு."

செவிலி முணுமுணுத்துக்கொண்டே தொலைபேசி இணைப்பை மாற்றினார். அவள் மூன்றாவது குறிப்பைத் திறந்தாள். 'செய்தி அனுப்பு: செய்தி அனுப்பும்.' யாருக்கு என்றுகூட இல்லை.