கோப்பிச் செடிக்கு மேல் ஒரு தலை

மடுல்கெல்லைத் தோட்டத்தில் ஒரு பிள்ளை சின்ன ஆளா பெரிய ஆளா என்பதைக் கோப்பிச் செடிதான் தீர்மானித்தது. எட்டிப் பறிக்க வாகாகச் செடிகளைப் பெரியவர்களின் கழுத்தளவில் வெட்டி நிறுத்துவார்கள். அதற்கு மேல் தலை தெரிந்தால் முழுப் பங்கு அரிசி, தெரியாவிட்டால் அரைப் பங்கு. கங்காணி பழனியாண்டி கண்டுபிடித்த நியாயம் இது. அரைப் பங்கு தின்கிற பிள்ளை எப்படி வளரும் என்று அவரை யார் கேட்பது?

வேலாயி கேட்டாள். அவள் மகள் பாலம்மாவுக்குப் பதின்மூன்று முடிந்துவிட்டது. இன்னும் செடியின் நுனிக்கு நாலு விரல் கீழேதான் நிற்கிறாள். காய்ச்சல் விட்டுவிட்டு வருகிறது. கண் வெளுத்துவிட்டது, மேடு ஏறினால் பாதியில் உட்கார்ந்துவிடுகிறாள். இளையவனைப் போன மழையில்தான் புதைத்தார்கள். இவளும் அரை வயிற்றோடு இந்த மழையைத் தாண்டமாட்டாள் என்று வேலாயிக்குப் பயம்.

செடியை விட்டுவிட்டு வயதைப் பார்த்துப் பங்கு போடச் சொல்லலாம் என்று நினைத்தாள்; வயதுக்குச் சாட்சி இருந்தது. ஊரை விட்டுக் கடல் தாண்டி, தோட்ட வேலைக்கு மாத்தளைப் பாதையில் நடந்து வந்த காலத்தில், அலவத்துகொடையில் ஹவ்வா உம்மாவின் மாட்டுக் கொட்டிலில்தான் வேலாயி பாலம்மாவைப் பெற்றாள். அதே வாரம் ஹவ்வா உம்மாவுக்கு ரபீகா பிறந்தாள். புருஷனின் பொதிமாடுகளோடு தோட்டத்துக்குக் கருவாடு விற்க வருகிறவள் ஹவ்வா உம்மா. வேலாயி கெஞ்சியதால் இந்தத் தடவை மகளையும் கூட்டி வந்திருந்தாள்.

“ரெண்டும் ஒரே கிழமையில பொறந்த புள்ளைகள், கங்காணியார். நான் பார்த்த பொறப்பு,” என்றாள் ஹவ்வா உம்மா.

பழனியாண்டி இருவரையும் செடியோரம் நிறுத்தினார். முக்காட்டுக்குள் ரபீகாவின் முகம் முழுவதும் செடிக்கு மேல் தெரிந்தது. பாலம்மாவின் உச்சிகூடத் தெரியவில்லை. வேலாயிக்கு அப்போதுதான் உறைத்தது. சாட்சியைக் கூட்டிவந்து தன் காரியத்தைத் தானே கெடுத்துக்கொண்டாள்.

கங்காணி சிரித்தார். “இதும் அதும் ஒரே வயசுன்னா எவன் நம்புவான்? நெசமாவே இருந்தாலும், நம்ம சனத்தோட வாகு அப்படி. அவுக வேற ரத்தம்.”

“நான் குட்டையாங்க?” வேலாயி அவர் பக்கத்தில் போய் நின்றாள். அவரைவிட அரைச் சாண் உயரம். ஊரில் பஞ்சம் வருமுன் வளர்ந்தவள். “நான் வளந்தது எங்க ஊருச் சோத்துல. இவ வளந்தது ஒங்க அரிசியில.”

கங்காணி அடுத்த வரிசைக்குக் கிளம்பினார். வேலாயிக்கு ஆத்திரம் தாங்கவில்லை. காயோடு இருந்த செடியின் உச்சியைப் பிடித்து மடக்கென்று ஒடித்தாள்.

“இப்பப் பாருங்க, தலை தெரியுதா?”

தோட்டத்துச் செடியை ஒடித்தால் சும்மா விடுவார்களா? இனி வேலாயிக்கும் அரைப் பங்குதான் என்று சொல்லிவிட்டுக் கங்காணி போனார். ஹவ்வா உம்மா ஒரு துண்டுக் கருவாட்டை வேலாயியின் கையில் வைத்து அழுத்தினாள். வேறென்ன செய்வாள், பாவம்.

லயத்தில் தங்கள் அறைக்கு வந்ததும் வேலாயி அன்றைக்குரிய இரண்டு அரையையும் ஒன்றாக வடித்தாள். கோபம் ஆறவில்லை. மொத்தச் சோற்றையும் பாலம்மாவின் தட்டில் கொட்டினாள்.

“இன்னிக்கு நீதான் முழு ஆளு. தின்னு.”

பாலம்மா ஆசையாகத்தான் உட்கார்ந்தாள். முள்ளை எடுத்துவிட்டு, கருவாட்டைப் பிசைந்து வேகவேகமாகத் தின்றாள். பாதியில் கை நின்றது.

“எனக்கு மிச்சம் வைக்கிறியா? தின்னுடி,” என்று வேலாயி அதட்டினாள்.

“இல்லம்மா, வயிறு முட்டிருச்சு. இதுக்கு மேல எறங்கல.”

வேலாயி மகளின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். பிள்ளை பொய் சொல்லவில்லை. அரைப் பங்குக்கு மேல் அதில் இடமில்லை.