காத்தாயியின் இடுப்பெலும்பு

காத்தாயி விழுந்தபோது பெரிய சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. குத்தகை நிலத்தைக் காலி செய்யச் சொல்லி, பண்ணையின் காரியக்காரர் கண்ணுசாமி ஆட்களோடு வயலில் இறங்கியிருந்தார். நட்டுக்கொண்டிருந்தவளின் கையிலிருந்து நாற்று முடியை வெடுக்கென்று பிடுங்கினார். அவள் தடுமாறிச் சேற்றில் உட்கார்ந்தாள். அவ்வளவுதான். எழுந்திருக்க முடியவில்லை.

குத்தகைக்காரர் பெயரைப் பதியப் புதுச் சட்டம் வந்திருந்த நேரம்; பதிவதற்குள் அவர்களை வெளியேற்றப் பண்ணைகள் முந்திக்கொண்டன. ஊரே கொதித்தது. "எங்கம்மாவ அடிச்சு இடுப்ப ஒடச்சுட்டான்" என்று மகன் சாமிதுரை போலீஸில் எழுதிக் கொடுத்தான்.

தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் மங்களாம்பிகை எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ஏம்மா, தீட்டு எப்ப நின்னுச்சு?"

"முப்பத்தஞ்சு வயசு இருக்கும்ங்க. இப்ப அம்பதுக்கு மேல ஆவுது."

"எத்தனை புள்ளைங்க?"

"பெத்தது எட்டு. இருக்கறது இவன் ஒருத்தன்தாங்க."

"பால், மோர் குடிக்கறது உண்டா?"

"மாடு இருக்குங்க. பாலைக் கடைக்கு ஊத்திடுவோம்."

டாக்டர் சாமிதுரையிடம் திரும்பினார். "ரத்தத்துல சுண்ணாம்புச் சத்து குறையக் கூடாது தம்பி. சாப்பாட்டுல கெடைக்கலைன்னா உடம்பு எலும்புலேர்ந்து எடுத்துக்கும். தீட்டு நின்னதுக்கப்புறம் எலும்பு இன்னும் வேகமாக் கரையும். இவங்க எலும்பு உள்ளுக்குள்ள சல்லடையா இருக்கு. முதுகுல ரெண்டு எலும்பு எப்பவோ நசுங்கியிருக்கு. லேசா விழுந்தாலே ஒடஞ்சிரும்."

முதுகு கூனிப்போனது நடவு நட்டுத்தான் என்று காத்தாயி நினைத்திருந்தாள். யாரோ ஒருத்தியைப் பற்றிப் பேசுவதுபோல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அதெல்லாம் எழுதாதீங்க டாக்டரம்மா. அடிச்சதுல ஒடஞ்சுதுன்னு மட்டும் எழுதுங்க" என்றான் சாமிதுரை.

"விழுந்ததையும் எழுதுவேன். எலும்போட நெலமையையும் எழுதுவேன்."

வழக்கு நடந்த அன்று அவளை நாற்காலியோடு கோர்ட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். கண்ணுசாமி அடித்தாரா என்று வக்கீல் கேட்டார். சாமிதுரை அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நாத்தப் புடுங்குனாருங்க. நான் உக்காந்துட்டேன். ஒடஞ்சிருச்சு."

"அடிச்சாரா, இல்லையா?"

"அடிக்கலைங்க."

கண்ணுசாமிக்கு விடுதலை கிடைத்தது. வீட்டு வாசலில் அவளை இறக்கி வைத்ததும் சாமிதுரை கேட்டான்: "ஏம்மா? நம்ம வயலு போயிடுமே, தெரியலியா?"

"தெரியும்" என்றாள். அவன் மேல் கோபமும் வரவில்லை, கண்ணுசாமி மேலும் வரவில்லை.

வயல் போகவில்லை. குத்தகைப் பதிவு விசாரணைக்கு வந்த தாசில்தாரிடம், அந்த நிலத்தை இவர்கள்தான் பயிரிடுகிறார்கள் என்று அக்கம்பக்கத்து வயல்காரர்கள் சாட்சி சொன்னார்கள். குத்தகை சாமிதுரை பேரில் பதிவானது. அவன் ஓடி வந்து சொன்னான். மருமகள் அம்சம் அழுதாள்.

எலும்பு கோணலாகக் கூடியிருந்தது. அதற்குமேல் வயலில் இறங்க முடியாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். காத்தாயி "சரி" என்றாள். அரிசியைப் புடைக்க முறத்தை மடிக்கு இழுத்துக்கொண்டாள்.