ஸ்வெட்டர் பையில் ஒரு காகிதம்

இயந்திரத்தின் கதவைச் சாத்தி, கம்பளித் துணிக்கான எண்ணில் முள்ளைத் திருப்பி, தண்ணீர் உள்ளே இறங்கும் சத்தமும் கேட்ட பிறகுதான் சின்னவளுக்கு நெஞ்சு பக்கென்றது. பையைப் பார்க்கவில்லை.

முப்பத்திரண்டு வருடமாகச் சலவைக் கடை நடத்துகிறவள். ஊரார் துணியெல்லாம் அவள் கையால் வெளுத்துத் திரும்பியிருக்கிறது, ஒரு நாளும் இப்படி நடந்ததில்லை. நடக்காததற்குக் காரணம் அவளுடைய கவனம் என்றுதான் இன்று காலை வரைக்கும் நினைத்துக்கொண்டிருந்தாள். உண்மையில் கடையின் முன்னறை அக்காவுடையது, பின்னறை இவளுடையது. முன்னறையில் அக்கா துணியை வாங்கி, ஒவ்வொரு பையிலும் விரலை விட்டுத் துழாவி, கிடைத்ததை எல்லாம் ஒரு காகித உறையில் போட்டு, உறையின் மேல் ரசீது எண் எழுதி வைப்பாள். ஊசி, பித்தான், பேருந்துச் சீட்டு, காய்ந்த இலை, எதுவானாலும் சரி. ஒரு கூழாங்கல்லுக்குக் கூட ஓர் உறை. "குப்பையைத் திருப்பிக் குடுக்கறதுக்குக் கவர் வேறயா?" என்று இவள் எரிந்து விழுவாள். "யாருக்குக் குப்பைன்னு நமக்கு எப்படித் தெரியும்?" என்பாள் அக்கா. அதையும் கோபமில்லாமல்தான் சொல்வாள், அதுதான் இவளுக்கு இன்னும் எரிச்சல்.

ஆக, பின்னறைக்கு வந்து சேரும் துணியின் பை காலியாகத்தான் இருக்கும். கை அப்படியே பழகிவிட்டது. இன்றைக்கு இந்த ஸ்வெட்டர் அக்காவின் கையைத் தாண்டி வரவில்லை. முன்னறை ஆணியில் அக்கா கழற்றி மாட்டியிருந்ததை இவளே எடுத்துக்கொண்டு வந்து உள்ளே போட்டாள். வலது கையோரம் மைக் கறை இருந்தது. கறையோடு அனுப்பக் கூடாது என்று தோன்றியது, வேறொன்றும் தோன்றவில்லை.

அக்கா மாடியில் படுத்திருந்தாள். காலையில் தேநீரைக் கொண்டுபோய் வைத்து, இரண்டு தரம் கூப்பிட்டு, மூன்றாம் தரம் அதட்டியும் எழுந்திருக்கவில்லை. வைத்தியர் வந்து, தூக்கத்திலேயே போயிருக்கிறார்கள், வலித்திருக்காது என்றார். அக்கம்பக்கத்துப் பெண்கள் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். அக்கா மகள் ரயிலில் வந்துகொண்டிருந்தாள். நான்கு மணிக்கு மயான வண்டி வரும்.

சின்னவள் நிறுத்தும் பொத்தானை அழுத்தப் போனாள், கை பாதியில் நின்றது. பழைய இயந்திரம் அது. நடுவில் நிறுத்தினால் தண்ணீரோடு கதவைப் பூட்டிக்கொண்டு அடம்பிடிக்கும், பிறகு பழுது பார்ப்பவர் வந்தால்தான் திறக்கும். போன வருடம் ஒரு முறை இரண்டு நாள் அப்படிக் கிடந்தது. அது அதன் போக்கில் சுற்றி முடிக்க இருபத்தெட்டு நிமிடம். அவள் ஒரு துணிக்கூடையைக் கவிழ்த்துப் போட்டு, கண்ணாடிக் கதவுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

பையில் என்ன இருந்தது என்று தெரிந்திருந்தால் இத்தனை பதைப்பு இல்லை. ஒரு காகிதம் இருந்தது, அது தெரியும். அதில் என்ன இருந்தது என்பதுதான் தெரியாது. தெரிந்துகொள்ள நேற்று மாலை ஆறு மணிக்கு ஒரு வாய்ப்பு வந்தது.

உணவு விடுதி ஒன்றிலிருந்து நாற்பது மேசை விரிப்புகள் வந்திருந்தன. தலைக்கு மேல் வேலை. இவள் இஸ்திரிப் பெட்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, ஆவிக்கு நடுவில் அக்கா வந்து நின்றாள், கையில் நாலாக மடித்த ஒரு காகிதத்தோடு.

"ஏய், இதைக் கொஞ்சம் பாரேன்."

"என் கையில என்ன இருக்குன்னு தெரியலையா உனக்கு? அப்புறம் பாக்கறேன்."

"ஒரு நிமிஷம்தான்டி."

"உன்னோட ஒரு நிமிஷத்தை நான் பாத்ததில்லையா? போ, போய் கடையைப் பாரு."

அக்கா சிரித்தாள். காகிதத்தை மறுபடி மடித்து, ஸ்வெட்டரின் வலது பையில் வைத்துக்கொண்டாள். "சரி, எங்க ஓடிப் போகப் போகுது? நாளைக்குக் காட்டறேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். இரவு சாப்பிடும்போது இவள் விடுதிக்காரனோடு போனில் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். அதோடு விளக்கணைத்துப் படுத்தாயிற்று.

அக்காவின் 'இதைப் பாரேன்' ஒரு நாளைக்குப் பத்துத் தரமாவது வரும். இழுப்புக் கதவின் விளிம்பில் வரிசையாகத் தொங்கும் மழைத்துளிகளைப் பார். இந்தச் சட்டையில் ஐந்தாவது பித்தானை மட்டும் யாரோ சிவப்பு நூலால் தைத்திருக்கிறார்கள், பார். சோப்பு நுரையில் ஜன்னல் தெரிகிறது, ஜன்னலுக்குள் நீ தெரிகிறாய், வந்து பார். சின்னவள் பத்தில் ஒன்றுக்குத் தலையைத் திருப்புவாள். அதுவும் அக்கா பின்னறை வாசலை விட்டுப் போக வேண்டும் என்பதற்காக. அறுபத்தொரு வயதாகித் தலை நரைத்த பிறகும் ஊர் அவளைச் சின்னவள் என்றுதான் கூப்பிட்டது. ஆனால் வீட்டில் பெரியவள் வேலையெல்லாம் தனக்கு, சின்னப் பிள்ளைத்தனமெல்லாம் அக்காவுக்கு என்பது அவளுடைய கட்சி.

உருளை ஒரு பக்கமாகச் சுற்றி, நின்று, யோசித்து, மறுபக்கமாகச் சுற்றியது. பழைய நீல ஸ்வெட்டர் தண்ணீரில் மெதுவாகப் புரண்டது. முதலில் நீலம் மட்டும்தான் இருந்தது. பிறகு வெள்ளையாக ஒரு துணுக்கு கண்ணாடியை ஒட்டிக்கொண்டு போயிற்று. பிறகு இரண்டு. பிறகு எண்ண முடியவில்லை. நீலத்தைச் சுற்றிலும் பொடிப்பொடியாக வெள்ளை மிதந்து, எழும்பி, தணிந்து, மறுபடி எழும்பியது. ஸ்வெட்டரின் ஒரு கை மேலே வந்து கண்ணாடியில் அகலமாக ஒட்டியது, சற்று நேரம் அப்படியே நின்றது, நழுவிக் கீழே போனது. திரும்பவும் வந்தது.

அறையில் இயந்திரத்தின் முனகலைத் தவிர சத்தமில்லை. மேலே நடப்பவர்களின் காலடி எங்கேயோ வேறொரு வீட்டில் கேட்பது போலிருந்தது. மூடிய இழுப்புக் கதவின் இடுக்கு வழியாக வந்த வெயில் தரையில் கோடு கோடாகக் கிடந்தது. இந்த நேரத்தில் இந்த அறைக்கு வெயில் வரும் என்பதே அவளுக்குத் தெரியாது. எத்தனை நேரம் உட்கார்ந்திருந்தாளோ. அந்தக் கை மறுபடி மேலே வந்து, வெள்ளைத் துணுக்குகளுக்கு நடுவே மெல்ல அசைந்தபோது, பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. அவள் முகத்தை முன்னறைப் பக்கம் திருப்பி, "அக்கா, இங்க வந்து இதைப் பாரேன்" என்று கூப்பிட்டாள்.

வாய்விட்டே கூப்பிட்டிருந்தாள். அந்தக் குரல் அவள் காதிலேயே விழுந்தது. முன்னறையிலிருந்து யாரும் வரவில்லை. காலையிலிருந்து வராத அழுகை அப்போதுதான் வந்தது, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். கதவு 'க்ளிக்' என்று தானாகத் திறந்துகொண்ட பிறகும் எழுந்திருக்கவில்லை.

இரண்டு மணிக்கு அக்கா மகள் வந்தாள். வெளியூரில் பல் வைத்தியம் பார்க்கிறவள், அம்மாவைப் போலவே நெட்டை. மாடியில் அம்மாவின் பக்கத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, சித்தியைக் காணோமே என்று தேடிக்கொண்டு கீழே இறங்கினாள். சின்னவள் பின்னறை மேசையில் ஸ்வெட்டரை விரித்துப் போட்டு, குனிந்து உட்கார்ந்திருந்தாள். நீலம் முழுக்க வெள்ளையாகத் துணுக்குகள் அப்பியிருந்தன. பைக்குள்ளிருந்து எடுத்த கூழ் உருண்டை ஒரு கிண்ணத்தில் இருந்தது.

"என்ன சித்தி இது?"

"கொலை பண்ணிட்டு உக்காந்திருக்கேன்" என்றாள் சின்னவள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். மறைக்கவில்லை. 'போய் கடையைப் பாரு' என்று சொன்னதையும் சேர்த்துச் சொன்னாள்.

அக்கா மகள் ஒரு கூடையை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தாள். கூழ் உருண்டையை விரலால் தொட்டுப் பார்த்தாள். அது பிரிந்து வரவில்லை.

"மளிகைச் சீட்டாக்கூட இருந்திருக்கும் சித்தி. அம்மாவைத் தெரியாதா உங்களுக்கு?"

"சீட்டாவே இருக்கட்டும். சர்க்கரை ஒரு கிலோன்னே எழுதியிருக்கட்டும். காட்டணும்னு ஆசையா வந்து நின்னா. நான் பாத்திருக்கணும்."

அக்கா மகள் பக்கத்தில் தொங்கிய பசை உருளையைப் பார்த்தாள். துணியில் ஒட்டிய பஞ்சை எடுக்க எல்லாச் சலவைக் கடையிலும் இருப்பது. நாலு இழுப்பு இழுத்தால் ஸ்வெட்டர் பளிச்சென்றாகிவிடும்.

"அதை வச்சு எடுத்துடலாமே?"

"எடுக்கலாம்" என்றாள் சின்னவள். ஆனால் எழுந்திருக்கவில்லை. நகத்தால் ஒரு துணுக்கைக் கிள்ளி எடுத்துக் கிண்ணத்தில் போட்டாள். அக்கா மகள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தன் கைப்பையைத் திறந்து, வேலைக்கு வைத்திருக்கும் மெல்லிய இடுக்கி இரண்டை எடுத்து, ஒன்றைச் சித்தியிடம் நீட்டினாள்.

"இப்படி இல்ல சித்தி, சாய்ச்சுப் பிடிங்க. ஈறைக் குத்திடப் போறீங்க."

சின்னவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாடியில் சாவை வைத்துக்கொண்டு சிரிப்பதா என்று தலையைக் குனிந்துகொண்டாள், அக்கா மகளும் குனிந்துகொண்டாள், இருவருடைய தோள்களும் குலுங்கின.

துணுக்கு துணுக்காக எடுக்க வேண்டுமானால் துணியை விரற்கடை விரற்கடையாகப் பார்த்துத்தான் ஆக வேண்டும். அந்த ஸ்வெட்டரைச் சின்னவள் பத்து வருடமாகத் தினமும் கண்ணால் கண்டவள்தான். இடது முழங்கையில் ஓட்டை விழுந்து தைத்திருப்பது இப்போதுதான் தெரிந்தது. ஒரே நீலம் கிடைக்காமல் மூன்று நீல நூலால் அக்கா தைத்திருந்தாள், ஓரத்தில் வெளிர், நடுவில் கருநீலம், பின்னல் மேல் பின்னலாக. கழுத்தின் உள்பக்கத்தில் ஒரு சின்ன நரைமுடி நெளிந்து சிக்கியிருந்தது, தண்ணீரும் அதை எடுக்கவில்லை. இவளும் எடுக்கவில்லை. வலது பையின் வாய் தொய்ந்து போயிருந்தது. எத்தனை தரம் கை உள்ளே போய் வந்திருக்கும். பையின் அடிமுனையில் ஒட்டியிருந்த துணுக்கில் மட்டும் நீலப் பென்சிலால் இழுத்த ஒரு வளைவு இருந்தது.

"எழுத்தா, படமா?" என்றாள் சின்னவள்.

அக்கா மகள் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "தெரியல சித்தி."

இருவரும் மாறி மாறி வெகுநேரம் அதைப் பார்த்தார்கள். மேலேயிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்து மணி மூன்றரை ஆகிறது என்றாள். வருகிறோம் என்றார்கள், ஸ்வெட்டரில் இன்னும் ஒரு கை பாக்கியிருந்தது. அதையும் முடித்துவிட்டு, இஸ்திரிப் பெட்டியை மிதமான சூட்டில் வைத்து, ஈரத்துணி போட்டுச் சின்னவள் மெல்ல ஆவி காட்டினாள். அவசரப்படாமல் செய்தாள். கைவிளிம்பு இரண்டும் காயவே இல்லை.

மாடியில் அக்காவுக்கு ஸ்வெட்டரைப் போட்டுவிட்டார்கள். பித்தான்களை அக்கா மகள் கீழிருந்து மேலாகப் போட்டுக்கொண்டே வந்தவள், கைவிளிம்பைத் தொட்டதும் நின்றாள்.

"இன்னும் ஈரமா இருக்கே சித்தி. அம்மாவுக்குக் குளிருமே" என்றாள். சொல்லிவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள். சின்னவள் அந்தக் கைவிளிம்பைத் தன் இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்துக்கொண்டு, தூக்குகிறவர்கள் படியேறி வரும் வரைக்கும் அப்படியே இருந்தாள்.

தெருவில் வண்டி எஞ்சின் ஓட நின்றுகொண்டிருந்தது. அக்காவை ஏற்றினார்கள். ஓட்டுநர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்து மணிக்கு மயானத்தில் கதவைச் சாத்திவிடுவார்களாம். அக்கா மகள் ஏறி உட்கார்ந்து கை நீட்டினாள். சின்னவள் படியில் கால் வைத்தபோது, வண்டிக்கு அந்தப்பக்கம் ஒருவர் தயங்கி நிற்பதைப் பார்த்தாள்.

எதிர்ச்சாரியில் மாற்றுச் சாவி போட்டுக் கொடுக்கும் சாவிக்காரர். வாரத்தில் மூன்று நாள் முன்னறைக்கு வந்து மேசையில் முழங்கையை ஊன்றிக்கொண்டு அக்காவோடு பேசுகிற மனிதர். சின்னவளைக் கண்டால் பேச்சைப் பாதியில் விழுங்கிவிட்டுத் தெருவைத் தாண்டிவிடுவார், அவளுடைய முகம் அப்படி. இன்று கழுத்து வரை பொத்தான் போட்டுச் சட்டை அணிந்திருந்தார். வலது கையை மூடி வைத்திருந்தார்.

"என்னங்க?" என்றாள் சின்னவள்.

"ஒண்ணுமில்லம்மா. நீங்க கிளம்புங்க."

"கையில என்ன வச்சிருக்கீங்க?"

அவர் தவறு செய்து பிடிபட்டவர் போல் விழித்தார். "காலையில ஒரு பழைய பூட்டு வந்துச்சு, அதைப் பிரிச்சேன். உள்ள இது இருந்துச்சு. பெரியம்மாகிட்ட காட்டலாம்னு எடுத்து வச்சேன். அப்புறம்தான் சேதி தெரிஞ்சுது. கீழ போட மனசு வரல, அதான் கையோட... சும்மா, ரொம்பச் சின்ன விஷயம்மா. இப்பப் போயி…"

அவர் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். ஓட்டுநர் ஒரு தரம் ஒலிப்பானை மெல்லத் தட்டினார். சின்னவள் படியிலிருந்து காலை எடுத்தாள், வண்டியைச் சுற்றிக்கொண்டு போய், அவருடைய மணிக்கட்டைப் பிடித்து முன்னால் கொண்டுவந்து, விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.

துருவும் எண்ணெயும் ஏறிய உள்ளங்கையின் நடுவில் ஒரு நத்தைக் கூடு இருந்தது. மிளகளவு கூட இல்லை. வெயில் பட்டு, மெல்லிய ஓட்டின் வழியே உள்ளே இருந்த சுழல் தெரிந்தது.

"சாவித் துவாரத்துல நுழைஞ்சிருக்கணும்" என்றார் சாவிக்காரர். "உள்ளயே வளந்திருக்கு பாருங்க. வெளிய வர முடியாத அளவுக்கு."

"எத்தனை சுத்து இருக்கு?" என்று கேட்டாள் சின்னவள்.

"நான் நாலுன்னு நினைச்சேன். சரியாத் தெரியலம்மா."

அவள் நெற்றியில் ஏற்றிவிட்டிருந்த கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு குனிந்தாள். அக்கா மகள் வண்டியிலிருந்து இறங்கி வந்து தோளருகே நின்று தானும் குனிந்தாள். ஓட்டுநர் பக்கக் கண்ணாடியில் மூவரையும் சற்று நேரம் பார்த்தார், பிறகு எஞ்சினை அணைத்தார்.