இரண்டு தட்டு

லாரி ஏற்றத்தில் முக்கிக்கொண்டு ஏறியபோது எலிசெயு மாவு மூட்டைகளுக்கு நடுவே இருந்த பள்ளத்தில் குப்புறப் படுத்திருந்தான். துப்பாக்கியின் கட்டை ஒவ்வொரு குலுக்கலுக்கும் அவன் தாடையை இடித்தது. காலையிலிருந்து நான்கு முறை தண்ணீர் குடித்தும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது.

அவனுக்கு நேர் கீழே, லாரியை ஓட்டிக்கொண்டிருந்தவர் அவன் அப்பா ஃபெனியாஸ்.

சாவே ஆற்றுப் பாலத்தைக் காக்கும் படைக்கு மாவும் பீன்ஸும் கருவாடும் கொண்டுபோகும் வரிசை அது. பதினான்கு லாரிகள்; இவர்களுடையது மூன்றாவது. முன்னால் ஒரு கவச வண்டி. லாரிகள் வியாபாரிகளுடையவை, ஓட்டுகிறவர்களும் பட்டாளத்தைச் சேராதவர்கள். ஒவ்வொரு லாரியின் மேலும் இரண்டிரண்டு சிப்பாய்கள். போன மாதம் பதினொரு லாரிகள் கிளம்பி, காட்டில் பதுங்கியிருந்த கலகக்காரர்கள் தாக்கியதில் ஏழுதான் போய்ச் சேர்ந்தன. மிச்ச நான்கும் சாலையோரம் கரிக்கூடாக நின்றன. அவற்றைக் கடந்தபோது யாரும் தலையைத் திருப்பவில்லை.

காலையில் இன்ஷோப் ஊரிலிருந்து கிளம்புவதற்கு முன் ஃபெனியாஸ் நேராக சார்ஜன்ட் மபோட்டேயிடம் போய் நின்றார்.

"என் வண்டி மேல என் பையனைப் போடுங்க சார்ஜன்ட்."

"ஏன், மத்தவங்க துப்பாக்கி சுடாதா?"

"நல்லாவே சுடும். இவன் மேல இருந்தா நான் பள்ளம் பாத்து ஓட்டுவேன்."

சிப்பாய்கள் சிரித்தார்கள். எலிசெயுவுக்குக் காது சுட்டது. பட்டாளத்துக்கு வந்து ஏழு மாதமாகிறது. இருபது வயதுக்காரனை இப்படியா நாலு பேர் முன்னால் கேட்பது? அவனோடு ஏற வேண்டிய தொமே, "தொட்டில் ஒண்ணு கட்டித் தரச் சொல்லவா?" என்றான்.

எலிசெயு சக்கரத்தில் கால் வைத்து ஏறும்போது அப்பா பக்கத்தில் வந்தார்.

"பயமா இருக்காடா?"

"இல்லப்பா."

"எனக்கு இருக்கு," என்றார் ஃபெனியாஸ். டயரை இரண்டு உதை உதைத்துப் பார்த்துவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டார்.

சார்ஜன்ட் எல்லோரையும் கூட்டி வைத்துச் சொன்னது ஒரே விஷயம்தான். "வண்டிக் கூரைத் தகரத்துல ஒரு தட்டுன்னா நிறுத்து. ரெண்டு தட்டுன்னா போ. மேல இருந்து தட்டினாலும் சரி, கீழ இருந்து தட்டினாலும் சரி. சுட ஆரம்பிச்சுட்டா எவனும் நிக்கக் கூடாது. ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் கண்ணி புதைச்சிருக்கான். ஒருத்தன் நின்னா பின்னாடி வர்றவன் ஒதுங்கிப் போக வழி கிடையாது. டயர் போச்சுன்னா வெறும் இரும்பு மேல ஓட்டு. காடு முடிஞ்சு பழைய பருத்திக் கொல்லை வரும். அங்க வந்து மூச்சு விடு."

ஏற்றம் முடிந்ததும் காடு இரண்டு பக்கமும் நெருங்கி வந்தது. மரக்கிளைகள் மூட்டைகளை உரசின. தொமே ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தவன் பாதியில் நிறுத்திவிட்டான்.

"பறவைச் சத்தமே இல்ல, கவனிச்சியா?" என்றான்.

எலிசெயு மூட்டைகளுக்குள் இன்னும் புதைந்துகொண்டான்.

முதல் வெடி, காய்ந்த கிளை ஒன்று முறிந்ததுபோலத்தான் கேட்டது. அடுத்த நொடி காடு முழுக்க முறிந்தது. அவன் தலைமாட்டில் இருந்த மூட்டை வெடித்து மாவு புகையாகப் பொங்கியது. கண், மூக்கு, வாய் எல்லாம் மாவு. தொமே முட்டி போட்டு எழுந்து இடப்பக்கம் சுட்டுக்கொண்டே, "சுடுடா, சுடு!" என்று கத்தினான். எலிசெயு துப்பாக்கியைத் தலைக்கு மேல் தூக்கி, கண்ணை மூடிக்கொண்டு, எங்கே போகிறதென்று பார்க்காமல் சுட்டான். முகத்தை மூட்டையிலிருந்து எடுக்க அவனால் முடியவில்லை. எடுக்கத்தான் வேண்டும் என்று தெரிந்தது. முடியவில்லை.

அப்போது கீழேயிருந்து தகரத்தில் ஒரு தட்டு கேட்டது.

லாரியின் வேகம் குறைந்தது.

எலிசெயு துப்பாக்கியைத் திருப்பி, கட்டையால் கூரையில் இரண்டு முறை இடித்தான். லாரி உறுமி முன்னால் நகர்ந்தது. நூறு கஜம் போயிருக்காது, மறுபடி ஒரு தட்டு.

"எலிசெயு!" அப்பாவின் குரல். அதற்குப் பிறகு வந்ததை இஞ்சின் விழுங்கிவிட்டது. "காலு" என்ற ஒரு சொல் மட்டும் தெளிவாகக் கேட்டது.

அவன் இரண்டு இடித்தான். உடனே மறுபடி இரண்டு. மறுபடி இரண்டு. ஆணி அறைகிறவனைப்போல இடித்துக்கொண்டே இருந்தான். சார்ஜன்ட் சொன்னது எதுவும் அவன் நினைவில் இல்லை. பின்னால் வருகிற பதினொரு லாரிகளும் நினைவில் இல்லை. இந்த இடத்தில் நின்றால் நான் செத்துப்போவேன், அது ஒன்றுதான் இருந்தது.

லாரி போயிற்று. கீழேயிருந்து அதற்கப்புறம் தட்டு வரவில்லை.

மூன்று கிலோமீட்டர் தாண்டிப் பருத்திக் கொல்லை வந்தது. வெயில் சட்டென்று மேலே கொட்டியது. லாரி முன்வண்டிக்கு வேண்டிய இடைவெளி விட்டு, இடிக்காமல், ஒழுங்காக நின்றது. கை பிரேக் இழுபடும் சத்தம்கூடக் கேட்டது. பின்னால் ஒவ்வொன்றாக மற்ற லாரிகளும் காட்டைவிட்டு வெளியே வந்தன. சார்ஜன்ட் விரலை நீட்டி எண்ணினார். பதினான்கு.

எலிசெயு மாவு அப்பிய உடம்போடு சறுக்கி இறங்கிக் கதவைத் திறந்தான்.

ஃபெனியாஸ் இரண்டு கைகளாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். வலது தொடையில் கால்சட்டை கிழிந்திருந்தது. ஆக்ஸிலேட்டரின் மேலிருந்த செருப்பும், கீழே விரித்திருந்த சாக்கும் நனைந்து கறுத்திருந்தன.

"அப்பா."

"எல்லா வண்டியும் வந்துருச்சா?"

"வந்துருச்சுப்பா. எல்லாம் வந்துருச்சு."

அவர் அவன் முகத்தைப் பார்த்தார். மாவு பூசிய அந்த முகம் அவருக்குச் சிரிப்பு மூட்டியதோ என்னவோ, உதடு ஒரு பக்கம் கோணியது.

"நல்லா பலமாத்தான் தட்டுனே," என்றார்.

மருந்துப் பெட்டிக்காரர் ஓடி வந்து அவனை விலக்கிவிட்டுத் தொடையில் கயிற்றை இறுக்கினார். இறுக்கியும் பயனில்லை. கட்டவிழ்ந்த மூட்டையைப்போல ஃபெனியாஸ் அவர் தோளில் சாய்ந்தார். மருந்துப் பெட்டிக்காரர் கொஞ்ச நேரம் கழுத்தில் விரலை வைத்துப் பார்த்தார்.

"அடிபட்ட உடனே கட்டியிருந்தா..." என்று ஆரம்பித்தவர், நிமிர்ந்து எலிசெயுவைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். கையைத் தன் கால்சட்டையில் துடைத்தார்.

தார்ப்பாயில் சுற்றி நான்கு பேர் சேர்ந்து ஃபெனியாஸை மேலே ஏற்றினார்கள். மூட்டைகளுக்கு நடுவே எலிசெயு படுத்திருந்த பள்ளத்தில்தான் இடம் இருந்தது. அங்கேயே கிடத்தினார்கள். வெடித்த மூட்டையின் மாவைத் தொமே ஒதுக்கித் தள்ளினான். காலையில் பேசிய பேச்சுக்கு எதையாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தவனைப்போல எலிசெயுவின் பக்கம் பார்த்துவிட்டு, தார்ப்பாயின் ஓரத்தை உள்ளே செருகினான்.

சார்ஜன்ட் மபோட்டே வந்து எலிசெயுவின் தோளில் கை வைத்தார்.

"உங்கப்பா நின்னிருந்தா பின்னாடி இருந்தவங்கள்ல ஒருத்தன்கூட மிஞ்சியிருக்க மாட்டான். நீ தட்டுனதைப் பின்வண்டிக்காரங்க பாத்திருக்காங்க, சொன்னாங்க. அந்த நேரத்துல எத்தனை பேருக்குடா உத்தரவு ஞாபகம் இருக்கும்? பெரிய வேலை பண்ணியிருக்கே. மேல எழுதி அனுப்பப் போறேன்."

"சார்ஜன்ட், நான்..."

"என்ன?"

எலிசெயுவின் வாய் திறந்தபடியே இருந்தது. ஓரத்தில் ஒட்டியிருந்த மாவு உதிர்ந்தது. தூரத்தில் காட்டுக்குள் இன்னும் ஒரு வெடி கேட்டது. சிப்பாய்கள் எல்லோரும் சேர்ந்தாற்போலக் குனிந்தார்கள்.

"ஒண்ணுமில்ல, சார்ஜன்ட்."

"இங்க ரொம்ப நேரம் நிக்க முடியாது. பாலத்துக்கு இன்னும் நாப்பது கிலோமீட்டர். இந்த வண்டியை யார் ஓட்டுறது?"

"எனக்கு ஓட்டத் தெரியும். அப்பா சொல்லிக் குடுத்திருக்கார்."

"இப்ப முடியுமாடா?"

"ஓட்டுவேன்."

நனைந்த சாக்கை எடுத்து எறிந்துவிட்டு, தொமே கை கையாக மண்ணை அள்ளிக் பிரேக், ஆக்ஸிலேட்டர் மிதிகளின் மேல் தூவினான். எலிசெயு ஏறி உட்கார்ந்தான். அப்பா நெட்டை ஆள். இருக்கை கடைசிவரைக்கும் பின்னால் தள்ளியிருந்தது. சாய்ந்து உட்கார்ந்தால் கால் கிளட்ச்சுக்கு எட்டவில்லை.

"அடியில பிடி இருக்கு பாரு," என்றான் தொமே. "இழுத்து முன்னால தள்ளிக்கோ."

"இருக்கட்டும்."

முன்வண்டி கிளம்பியது. எலிசெயு இருக்கையின் விளிம்புக்கு நகர்ந்து, முதுகுக்குப் பின்னால் இடம் விட்டு உட்கார்ந்து, நுனிக்காலால் கிளட்ச்சை மிதித்தான்.