மெல்லப் போக மறுத்த கார்

1

இந்தக் கதை என்னுடையதல்ல என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குறை சொல்ல வருபவர்களுக்கு வசதியாக இருக்கும். சேலத்தில் எங்கள் கல்லூரி விடுதியில், மோர் பரிமாறும் நேரத்தில், மல்லசமுத்திரத்துக்காரன் ஒருவன் இதை வேடிக்கையாகச் சொன்னான். மாப்பிள்ளை அழைப்புக்கு வந்த கார் மெல்லப் போக மறுத்து, நாயனக்காரரை வாய்க்காலில் குதிக்கவைத்த கதை. எல்லோரும் சிரித்தோம். எனக்குப் புரையேறியது. அப்போது யாரோ, "அந்தப் பொண்ணு என்ன ஆச்சு?" என்று கேட்டார்கள்.

"எந்தப் பொண்ணு?" என்றான் சொன்னவன்.

எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மீதியை நானே செய்ய வேண்டியதாயிற்று.

2

தொடக்கம், முதல் முயற்சி:

கொங்குச் சமவெளியின் மீது காலைக் கதிரவன் தன் பொற்கரங்களை

[வேண்டாம். கதிரவனுக்கும் இந்தக் காருக்கும் சம்பந்தமில்லை.]

இரண்டாம் முயற்சி:

மேட்டூர் அணை கட்டி முடித்த மறு வருஷம், மயில்சாமிக்கு ஒரு தங்கையும், அப்பாவின் பழைய டூரிங் காரும் இருந்தன. அவன் காரைப் பற்றி மட்டுமே யோசித்தான்.

[இது இருக்கட்டும். தங்கையின் பெயர் சௌந்திரம். அவனைப் போலவே நானும் அவளை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.]

அப்பா காளியண்ணனுக்கு அந்தக் காரில் ஒரு பெருமை: பின் சீட்டில் பால் சொம்பை வைத்து ஓட்டினாலும் தளும்பாது. மயில்சாமிக்கு அதுவே அவமானம். சங்ககிரி ரோட்டில் ஒரு மில்காரர் மகன், தன் புதுக் காரில் அவனை முந்தும்போதெல்லாம் கையை வெளியே நீட்டி, மாட்டை விரட்டுவதுபோல "ஹை, ஹை" என்பான். அப்பா பழனிக்குப் போயிருந்த வாரம், மயில்சாமி சேலத்தில் வேலுமணியின் லேத்துப் பட்டறைக்குக் காரைக் கொண்டுபோய், பிளைவீலைக்* கழற்றிக் கடையச் சொன்னான்.

(* இஞ்சினோடு சேர்ந்து சுழலும் கனத்த இரும்புச் சக்கரம். இஞ்சின் தடுமாறும்போது தன் கனத்தால் சுற்றிக்கொண்டே இருந்து அதைத் தாங்கிப் பிடிக்கும். கனத்தைக் குறைத்தால் இஞ்சின் சட்டென்று சீறும். மெல்லப் போகச் சொன்னால் நின்றுவிடும். இந்த இரண்டாவது விஷயத்தைப் பட்டறையில் யாரும் பேசவில்லை.)

"கனத்தக் கொறச்சா வண்டி குதுரையாட்டத் துள்ளுமுங்க" என்றான் வேலுமணி. இரும்பு சுருள் சுருளாக உதிர்ந்தது. "போதுங்களா?"

"இன்னுங் கொஞ்சம் எடுக்கலாமா?"

"எடுக்கலாமுங்க. இரும்பு உங்குளுது."

இருவரில் ஒருவருக்காவது போதும் என்று சொல்லத் தெரிந்திருக்கலாம்.

அடுத்த வாரம் மில்காரர் மகனை முந்தி, "ஹை, ஹை" என்று திருப்பிச் சொன்னான் மயில்சாமி. அவன் வாழ்க்கையின் மிகச் சந்தோஷமான நாள் அது. அப்பாவை ஏற்றிக்கொண்டு போகும்போதும் வேகமாகவே ஓட்டினான்; வேகத்தில் குறை தெரியாது. சௌந்திரத்துக்குக் கல்யாணம் நிச்சயமாகி, மாப்பிள்ளை அழைப்புக்கு நம் காரே போகட்டும் என்று அப்பா சொன்னபோது கடைந்த சக்கரம் ஒரு கணம் நினைவுக்கு வந்தது. கோயிலிலிருந்து வீடு வரைக்கும்தானே என்று நினைத்துக்கொண்டான்.

3

சாயங்காலம். பிள்ளையார் கோயில் முன்னால் பூமாலை போட்ட கார். பின் சீட்டில் தலைப்பாகையோடு மாப்பிள்ளை மருதாசலம். பக்கத்தில் நடந்துவர அவன் தாய் அங்கம்மாள். முன்னால் மேளம். மேளம் நடக்கும் வேகத்தில் கார் போக வேண்டும்.

கிளச்சை விட்டான்; இஞ்சின் நின்றது. இறங்கி ஹாண்டிலைச் சுற்றிக் கிளப்பினான். இந்தத் தடவை கொஞ்சம் அழுத்தினான். கார் பாய்ந்தது, நாயனக்காரர் வாய்க்காலில் குதித்தார், ஊரே சிரித்தது. மறுபடி நின்றது. மறுபடி கிளப்பினான். பட்டு வேட்டியில் கிரீஸ். நாலு அடி போய் மீண்டும் நின்றபோது யாரும் சிரிக்கவில்லை. அங்கம்மாள் கையைத் தூக்கினாள், மேளம் ஓய்ந்தது.

"ஏனுங்க சம்பந்தி, இந்த வண்டி இதுக்கு முன்னால இப்பிடி நின்னுருக்குதுங்களா?"

காளியண்ணனுக்குப் பொய் வராது. "ஒரு நாளும் நின்னதில்லீங்க. இன்னைக்குத்தான்..."

"அப்ப, உங்க பொண்ணுக்குன்னு வந்தாத்தான் நிக்குது."

"நாலு பேரு சேந்து தள்ளீட்டே போயர்லாமுங்க" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

"நாலு பேரு கொண்டுபோறதுக்கு என்ற பையனுக்கு என்ன வந்துச்சு?"

அப்பா மயில்சாமியைப் பார்த்தார். ஒரு வாக்கியம் போதும்: நாந்தாங்க சக்கரத்தக் கடஞ்சு கனத்தக் கொறச்சேன். அதைச் சொல்லாமல் அவன் பானெட்டைத் திறந்து தலையை உள்ளே விட்டுக்கொண்டான். பிளைவீல் அங்கே கண்ணுக்குத் தெரியாது என்று அவனுக்குத் தெரியும்.

4

[நீக்கப்பட்டது. மருதாசலமும் சௌந்திரமும் திருச்செங்கோட்டுத் தேர்த் திருவிழாவில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்ட காட்சி. வேகத்துக்குத் தடையாக இருந்ததால் கடைந்து எடுத்துவிட்டேன்.]

5

முடிவுகள்.

அ. மயில்சாமி சொல்லிவிடுகிறான். அங்கம்மாள் பொறுமையாகக் கேட்கிறாள். "செரி சாமி. கண்ணாலத்துக்கு முன்னால அதையக் கொறைக்கோணும்னு உனக்குப் புத்தி குடுத்தது ஆரு?" நான் தர்க்க சாஸ்திரத்தில் நல்ல மார்க் வாங்கியவன். ஒரு வாரமாக அங்கம்மாளுக்குப் பதில் தேடுகிறேன்.

ஆ. மருதாசலம் காரிலிருந்து இறங்கி நடந்தே பெண் வீட்டுக்குப் போகிறான். உங்களுக்கு இதுதான் பிடிக்கும். எனக்கும் இதுதான் பிடித்தது. எழுத உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, அவனுக்கு ஒரு வார்த்தைகூட நான் கொடுத்திருக்கவில்லை. நாலாம் பகுதி இருந்திருந்தால் இறங்கியிருப்பான். கனமில்லாத ஆளை எப்படி இறக்குவது?

இ. மாப்பிள்ளை வீட்டார் மாட்டு வண்டி பூட்டித் திரும்பிப் போனார்கள். வீட்டுக்குள் சௌந்திரம், கிட்டே வந்து வந்து நின்றுபோன மேளத்தை

[இந்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. மயில்சாமி அங்கே இல்லை, நானும் இல்லை.]

அப்புறம் பெண் பார்க்க வந்தவர்கள் முதலில் காரைப் பற்றி விசாரித்தார்கள். பிறகு விசாரிக்கவும் யாரும் வரவில்லை. அப்பா காரை விற்றுவிட்டார்.

ஒரு நாள் காலை மயில்சாமி சைக்கிளை எடுத்துக்கொண்டு ஒரு வேலை விஷயமாகச் சேலம் கிளம்பினான். தண்ணீர்க் குடத்தோடு எதிரே வந்த சௌந்திரம் அவனைப் பார்த்ததும் சட்டென்று மாட்டுக் கொட்டகைக்குள் ஒதுங்கி, கதவை இழுத்துக்கொண்டாள். அவளை யாரும் ஒதுங்கச் சொல்லவில்லை.

அவன் சைக்கிளைச் சாத்திவிட்டுக் கதவைத் திறந்தான்.

"எதுக்கு ஒளியற?"

"நல்ல காரியமாப் போற. எதுக்கால வந்தா ஆவாதுண்ணா."

அப்போதுதான் சொன்னான். லேத்துப் பட்டறை, இரும்புச் சுருள், பானெட்டுக்குள் விட்ட தலை, எல்லாவற்றையும். சௌந்திரம் குடத்தை இறக்கி வைத்தாள்.

"அன்னைக்கே சொல்லியிருந்தா மட்டும்," என்றான் மயில்சாமி, "அவிய நம்பியிருப்பாங்களாக்கும்?"

"அவிய நம்பாட்டிப் போவுது. நான் நம்பியிருப்பேன்ல?"

6

இதற்கு மயில்சாமி சொன்ன பதிலைப் பல விதமாக எழுதிப் பார்த்தேன். மன்னிப்புக் கேட்க வைத்தேன். பத்திரிகைக் கதை போல இருந்தது. அழ வைத்தேன், அவனுக்கு மட்டும் மனசு லேசானது. பேசாமல் நிற்க வைக்கலாம் என்றால், அதை அவன் ஒரு தடவை செய்தாகிவிட்டது.

ஆகவே அவன் ஏதாவது சொல்லியாக வேண்டும். எனக்குத் தெரியவில்லை. உங்களில் யாருக்காவது தங்கை இருக்கலாம். கொட்டகை வாசலில் அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். அவன் சொல்ல வேண்டியது இங்கே:

"                                        "