திட்டத் தெரியாத தோன்யா எர்சிலியா

கொலம்பியாவின் வெயில் கொளுத்தும் கடற்கரை ஊரான சியேனகாவிலிருந்து கல்யாணமாகி மலைமேல் இருக்கும் போகோட்டாவுக்கு வந்த நூரிஸுக்கு அந்த ஊர்க் குளிர்கூடப் பழகிவிட்டது. அதே மாடியில் எதிர்வீட்டில் இருந்த தோன்யா எர்சிலியாவின் வெட்கம்தான் பழகவில்லை. தோன்யா என்பது அங்கே பெரியவளான பெண்ணின் பெயருக்கு முன்னால் சேர்க்கும் மரியாதைச் சொல்.

வந்த புதிதில் ஒரு நாள் காலையில் அந்த அம்மாள் கதவைத் தட்டினார். சால்வையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, தலையைச் சாய்த்து, "கே பெனா உங்களுக்கு" என்றார். உங்களிடம் வந்து நிற்க எனக்கு வெட்கமாக இருக்கிறது என்று அர்த்தம். நூரிஸ் பதறிப்போனாள். அவள் ஊரில் ஒருவர் வாயால் வெட்கம் என்று சொன்னால், மகள் ஓடிப்போயிருக்க வேண்டும், அல்லது புருஷன் குடித்துவிட்டு நடுத்தெருவில் கிடக்க வேண்டும்.

"ஐயோ, என்னம்மா ஆச்சு? உள்ளே வா, உக்காரு. எதுவானாலும் எங்கிட்ட சொல்லு. ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது."

வளர்க்கிற நாயைக்கூட 'நீங்க' என்று கூப்பிடும் அந்த அம்மாள், கையில் திணிக்கப்பட்ட காபிக் கோப்பையோடு விழித்தார்.

"ஒண்ணுமில்லைங்க. மிக்ஸி கொஞ்சம் வேணும்."

மிக்ஸி போயிற்று. அதன் பின்னாலேயே இஸ்திரிப் பெட்டி போயிற்று. எல்லாம் 'கே பெனா' சொல்லித்தான் போயின. திரும்பி வரத்தான் அவற்றுக்கு வெட்கமோ என்னவோ, வரவில்லை.

நூரிஸின் புருஷன் எவேலியோ அந்த ஊர்க்காரன். விஷயத்தைக் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"அடி பைத்தியமே, அது வெட்கமில்லை. 'நகரு, நான் எடுத்துக்கப் போறேன்'னு அர்த்தம்."

"அப்போ மன்னிப்புக் கேக்கணும்னா என்ன சொல்லுவீங்க?"

"அதுக்கும் அதேதான்."

அன்றிலிருந்து நூரிஸின் காது திறந்துகொண்டது. ரொட்டிக் கடையில் டை கட்டிய ஒருவர் 'கே பெனா' என்று அவளுக்கு முன்னால் நுழைந்து கடைசி பாலாடைக்கட்டி பன்னை வாங்கிக்கொண்டு போனார். பஸ்ஸில் ஒரு தடியன் ஒரு பெண்ணின் காலை மிதித்துவிட்டு அதையே சொன்னான். மிதிபட்டவளோ, "ஐயோ, எனக்குத்தாங்க கே பெனா" என்றாள், காலை அங்கே வைத்திருந்த குற்றத்துக்காக.

நூரிஸ் கண்ணாடி முன் நின்று பழகினாள். தலைச் சாய்ப்பு சீக்கிரம் வந்துவிட்டது. குரலை மெல்லிசாக்குவதுதான் பெரும்பாடாக இருந்தது. தேறியதும் நேரே எதிர்வீட்டுக்குப் போனாள்.

"கே பெனா, தோன்யா எர்சிலியா. மிக்ஸியை எடுத்துக்கிறேன்."

"அதுல பெர்ரிச் சாறு இருக்கேங்க."

"அதுக்கும் சேர்த்து கே பெனா."

சாற்றை அவளும் எவேலியோவும் ஆளுக்குப் பாதியாகக் குடித்தார்கள். அப்புறம் ரொட்டிக் கடையில் அவளுக்கு முன்னால் யாரும் நிற்க முடியவில்லை. வரிசையைத் தாண்டுவாள், பஸ்ஸில் ஜன்னலோர இடம் பிடிப்பாள். அந்த ஒரு சொல் கையில் இருந்தால் திறக்காத கதவே இல்லை என்று நினைத்தாள்.

ஒரு சனிக்கிழமை, ஜன்னலில் ஈரப் போர்வையை உதறியபோது முழங்கை பட்டு ஜெரேனியப் பூந்தொட்டி கீழே விழுந்தது. கீழே நின்றது தோன்யா எர்சிலியாவின் பச்சை நிற ரெனோ கார். காலமான கணவர் தோன் அனிபால் விட்டுப்போனது. ஞாயிறுதோறும் அந்த அம்மாள் அதைத் துடைத்து, அதில்தான் தேவாலயத்துக்குப் பூசைக்குப் போவார். இப்போது அதன் முகப்பு கழுவுதொட்டிபோல் குழிந்திருந்தது. குழியில் ஜெரேனியம் நிமிர்ந்து நின்றது.

ஓடிப்போய்த் தட்டினாள். எதிர்வீட்டுக் கதவு திறந்ததும் நூரிஸின் தலை தானாகச் சாய்ந்தது. "கே பெனா..." என்று குரல் தேனாக வந்தது. சாற்றைத் தூக்கிக்கொண்டு போன அன்று வந்த அதே தேன். அவளுக்கே அது பிடிக்கவில்லை. பாதியில் நிறுத்திவிட்டு, உள்ளே போய் அந்த அம்மாளின் தெருப்பக்க ஜன்னலைக் கைகாட்டினாள்.

அந்த அம்மாள் எட்டிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். சால்வையை இன்னும் இறுக்கிப் போர்த்திக்கொண்டார். திரும்பி வந்து, "கே பெனா உங்களுக்கு. நான்தான் காரை அங்கே நிறுத்தியிருக்கக் கூடாது" என்றார்.

ஓங்கி அறைந்திருந்தால்கூட நூரிஸுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"அப்படிச் சொல்லாதே! என்னைத் திட்டு!"

"எதுக்குங்க?"

"எங்க ஊர்ல முதல்ல கத்துவாங்க, அப்புறம்தான் மன்னிப்பாங்க. நீ கத்தவே இல்லைன்னா நான் எதை வச்சு மன்னிப்புக் கேக்குறது?"

"எனக்குத் திட்டத் தெரியாதுங்க."

"'அடி கழுதை, கண்ணை எங்கே வச்சிருந்தே'ன்னு சொல்லு."

அந்த அம்மாள் தொண்டையைச் செருமிக்கொண்டார். "நீங்க... ஒரு கழுதைங்க." கன்னமெல்லாம் சிவந்துவிட்டது. "கே பெனா."

"அந்தப் பெனாவை விட்டுத் தொலை! சத்தமா!"

"நீங்க ஒரு கழுதை! கண்ணை எங்கே வச்சிருந்தீங்க?"

"ஆங், அப்படித்தான்!"

அதற்குமேல் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

"அனிபால் அதைக் குழந்தை மாதிரி வச்சிருந்தார்! என்னைக்கூட அப்படிப் பார்த்துக்கிட்டதில்லை! போர்வை உதறுறதுக்கு ஊர்ல வேற ஜன்னலே இல்லையா உங்களுக்கு? என் சாறை வேற குடிச்சீங்களே, வயிறா அது!"

மேல்மாடி ஜன்னலிலிருந்து அங்கே குடியிருந்த வக்கீலின் தலை நீண்டது. "கே பெனா, ஏதாவது பிரச்சினையா?"

"ஜன்னலைச் சாத்துடா!" என்று கத்தினார் தோன்யா எர்சிலியா. கத்திவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தார்.

நூரிஸ் தரையில் மண்டியிட்டாள். தலையும் சாயவில்லை, குரலும் மெல்லிசாகவில்லை. கரகரத்த சொந்தக் குரலில், "என்னை மன்னிச்சிடு. என்னாலதான். அவர் வச்சிட்டுப் போனதை நான் கெடுத்துட்டேன்" என்றாள்.

அந்த அம்மாள் மூக்கைச் சிந்திக்கொண்டார்.

"யோசிக்கணும். நாளைக்கு வாங்க, இன்னும் கொஞ்சம் திட்ட வேண்டியிருக்கு."

மறுநாள் பூசை முடிந்ததும் நூரிஸ் போனாள். சூடான சாக்லெட்டும் அதில் போட்டுக் கரைக்கப் பாலாடைக்கட்டியும் மேசையில் தயாராக இருந்தன. தோன்யா எர்சிலியா நிதானமாக, ஒன்றுவிடாமல் திட்டினார். நடுநடுவே நிறுத்தி, சூடு போதுமா என்று கேட்டுக்கொண்டார். மன்னித்தேன் என்று அவர் கடைசிவரை சொல்லவில்லை. இரண்டாவது கோப்பையை மட்டும் கேட்காமலே நிரப்பினார்.

காரைப் பட்டறையில் தட்டி நிமிர்த்தினார்கள். பூசிய பச்சை பழைய பச்சையோடு ஒட்டவில்லை, வெயிலில் தனியாகத் தெரியும். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் நூரிஸ் இன்னமும் நின்று, அந்த இடத்தைக் கையால் ஒருதரம் துடைத்துவிட்டுத்தான் நகர்கிறாள்.