மஞ்சக்கோடு

அந்த ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்கும் ஜன்னலுக்கு மூன்றடி முன்னால் தரையில் ஒரு மஞ்சள் கோடு உண்டு. ஜன்னலில் நிற்பவர் பேசி முடிக்கும்வரை அடுத்தவர் கோட்டுக்குப் பின்னால் நிற்க வேண்டும். நிற்பார்களா? ஒருத்தர் நெஞ்செரிச்சல் என்று ஆரம்பித்தால் பின்னால் இருப்பவர் அவர் தோளுக்கு மேலே தலையை நீட்டி, "எனக்கும் அதேதாங்க" என்பார். மூல வியாதிக்காரர் கூச்சப்பட்டுக் குரலைத் தாழ்த்தினால், சரியாகக் காதில் விழவில்லையே என்று இன்னும் ஒட்டிக்கொண்டு வருவார்கள். இவர்களைப் பின்னுக்கு அனுப்புவதற்கென்றே சம்பளம் கொடுத்து ஓர் ஆளை வைத்திருந்தார்கள். அவனைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. மஞ்சக்கோடு என்றால்தான் தெரியும்.

நாளொன்றுக்கு நானூறு தடவையாவது "கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்று சொல்லுவான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அதில் கோபம் இருந்தது, பிறகு கெஞ்சல் இருந்தது. பதினோரு வருஷத்தில் இரண்டும் தேய்ந்துபோய், லிஃப்டுக்குள் மாடி எண் சொல்லும் குரல் போல ஆகிவிட்டது. ஆள் முகத்தைப் பார்க்க மாட்டான், தரையைத்தான் பார்ப்பான். கோட்டைத் தாண்டி ஒரு செருப்பு தெரிந்தால் வாய் தானாகத் திறந்துகொள்ளும்.

இப்படி ஊரையே தள்ளி நிறுத்துகிறவனுக்கு எட்டு மாதமாக வயிறு எரிந்துகொண்டிருந்தது. ஒருத்தன் மேல் பொறாமை என்றால் சண்டை போட்டாவது தீர்த்துக்கொள்ளலாம். இவனுக்கு ஒரு பஸ் மேலேயே பொறாமை.

அவன் மனைவி மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். வருகிறவர்களுக்குச் சட்டத்தை மாட்டி, காதுக்குப் பின்னால் விரலை விட்டு, இறுக்குகிறதா நழுவுகிறதா என்று பார்த்துச் சரிசெய்வதுதான் அவள் வேலை. அது பிழைப்பு, அதைக்கூட அவன் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டான். பஸ்ஸில் நடப்பதைத்தான் பொறுக்க முடியவில்லை. அவள் முகத்தில் என்ன எழுதியிருக்கிறதோ, முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் அவளிடம்தான் வந்து ஒட்டுவார்கள். ஒரு அம்மா கேட்காமலே மூட்டையை அவள் மடியில் வைப்பாள். இன்னொருத்தி குழந்தையைக் கொடுத்துவிட்டு அந்தக் கோடிக்குப் போய் உட்கார்ந்துகொள்வாள். யாராவது ஒருவர் போனை அவள் மூக்குக்கு நேரே நீட்டி, "பாருங்கக்கா, என் பேத்தி" என்பார். அவளும் பார்ப்பாள், சிரிப்பாள், இடம் கொடுப்பாள்.

அவனுக்கு மட்டும் அந்த இடம் இல்லை. சாயங்காலம் ஆஸ்பத்திரி வாசலில் அவன் முதலில் ஏறுவான், அடுத்த இரண்டாவது நிறுத்தத்தில் அவள் ஏறுவாள். முன்பெல்லாம் நேராக வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்து, பாதி வழியில் அவன் மேல் சாய்ந்து தூங்கியும் போவாள். எட்டு மாதமாக ஏறுகிறாள், பார்க்கிறாள், தலையை ஆட்டுகிறாள், வேறெங்கேயோ போய் உட்காருகிறாள். வீட்டில் அவன் சோபாவில் இருந்தால் அவள் நாற்காலியில். கட்டிலில் நடுவே ஒரு தலையணை. சாப்பாடு, துணி, காய்ச்சலுக்கு மாத்திரை எதிலும் குறையில்லை. கிட்ட வருவதுதான் இல்லை.

இது ஆரம்பித்ததும் அவனுடைய கண்ணாடி வந்ததும் ஏறக்குறைய ஒரே நேரம். தூரத்தில் இருப்பது மங்கலாகத் தெரிகிறது என்றதும் அவளே ஒரு சின்ன அளவுகோலை வீட்டுக்கு எடுத்து வந்தாள். மூச்சு முகத்தில் படுகிற தூரத்தில் நின்று, ஒரு கண்ணுக்கும் இன்னொரு கண்ணுக்கும் நடுவே அளந்தாள். கண்ணாடி தயாரானதும் அவளே மாட்டிவிடுவாள் என்று கல்யாண மாப்பிள்ளை போலக் காத்திருந்தான். வந்தது வெறும் பெட்டி. டோக்கன் கொடுக்கும் அக்கா ஜன்னல் வழியாக நீட்டி, "உங்க வீட்லேர்ந்து" என்றாள். கடைப் பையன் யாரோ கொண்டுவந்து போட்டிருப்பான் என்று நினைத்துக்கொண்டான். ஊரில் உள்ள காதையெல்லாம் தொட்டுப் பார்க்கிறவளுக்குப் புருஷன் காது இளப்பமாகிவிட்டது. அந்தக் கண்ணாடி அன்று முதல் மூக்கிலிருந்து நழுவிக்கொண்டே இருந்தது. சரிசெய்து கொடு என்று அவன் கேட்கவில்லை. கேட்டால் குறைந்துபோய்விடுவானே.

போன திங்கட்கிழமை அவள் சோற்றைப் போட்டுக்கொண்டே சொன்னாள். "மூணு மணி நேரத் தொலைவுல புதுக் கடை தொறக்கறாங்க. என்னப் பொறுப்பா போட்டு, தங்க ரூமும் தர்றாங்களாம். ரெண்டு வருஷம். வெள்ளிக்கிழம பதில் சொல்லணும். போகட்டுமா?"

"உன் இஷ்டம்" என்றான். பக்கத்து நாற்காலிக்குப் போனவள் இப்போது வேறு ஊருக்கே போகிறாள். போனால் திரும்பி வரப் போவதில்லை என்று அவனுக்குத் தோன்றிவிட்டது.

வியாழக்கிழமை சாயங்காலம் பஸ்ஸில் அவள் அவனுக்கு மூன்று வரிசை முன்னால் உட்கார்ந்திருந்தாள். அந்தப் பக்கம் ஒரு அம்மா, மூட்டை வழக்கம்போல இவள் மடியில். இந்தப் பக்கம் கையெல்லாம் வெள்ளைச் சாயம் காய்ந்துபோன ஒரு பெயிண்டர். வேலை முடிந்த அசதியில் அவன் தலை ஆடியது, ஆடியது, கடைசியில் அவள் தோளில் வந்து விழுந்தது. அதையும்கூட மஞ்சக்கோடு பொறுத்திருப்பான். ஆனால் அந்தத் தலை நழுவிவிடாதபடி அவள் தோளைக் கொஞ்சம் உயர்த்திக் கொடுத்தாள். அவ்வளவுதான், எழுந்துவிட்டான்.

"கொஞ்சம் தள்ளி உக்காருங்க."

பெயிண்டர் திடுக்கிட்டு விழித்தான். "எறங்கற எடம் வந்துருச்சா?"

"வரல. அவங்க மேல சாயாதீங்க."

"அக்கா ஒண்ணுமே சொல்லலையே. நீங்க யாருண்ணே?"

"நான் அவங்க வீட்டுக்காரன்."

பெயிண்டர் அவளைப் பார்த்தான், இவனைப் பார்த்தான். மூன்று வரிசை பின்னால் இவன் பை மட்டும் தனியாக உட்கார்ந்திருந்த இருக்கையையும் எட்டிப் பார்த்தான். கேலி எதுவும் இல்லாமல், தெரிந்துகொள்கிற ஆசையில்தான் கேட்டான். "அப்ப ஏண்ணே அங்க போயி உக்காந்திருக்கீங்க?"

பஸ்ஸே சிரித்தது. மூட்டைக்கார அம்மா, "நல்லாக் கேட்ட தம்பி" என்றாள். பெயிண்டர் எழுந்து, "இந்தாங்கண்ணே, நீங்களே சாஞ்சுக்குங்க" என்று இடம் விட்டான். இவன் காது சூடாகிப்போய் உட்கார்ந்தான். உட்கார்ந்த பிறகுதான் பார்த்தான், தனக்கும் அவளுக்கும் நடுவே சரியாக ஒரு சாண் இடம் விட்டிருந்தான். தொழில் பழக்கம் விடுகிறதா? அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

இறங்கித் தெருமுனைக்கு வந்தார்கள். பிறகு அவன்தான் ஆரம்பித்தான்.

"ஊர்ல இருக்கறவன் தலையெல்லாம் தாங்க உன் தோள் என்ன தலகாணியா?"

"தூங்கறவன அடிச்சு எழுப்பச் சொல்றீங்களா?"

"எனக்கு எங்க அந்தத் தோள்? எட்டு மாசமா பக்கத்துல வர மாட்டேங்கற. இப்ப ஊர விட்டே போறேங்கற." வெட்கத்தை விட்டுச் சொன்னான். "பொறாமையா இருக்குடி எனக்கு. அந்தப் பெயிண்டர் மேல, மூட்டைக்கார அம்மா மேல, உன்கிட்ட வர்ற ஒவ்வொருத்தர் மேலயும்."

அவள் நின்றுவிட்டாள். "நீங்கதான தள்ளி நிக்கச் சொன்னீங்க."

"நானா? எப்ப?"

"உங்க கண்ணாடி வந்த அன்னிக்கு. நானே மாட்டி விடணும்னு அரை நாள் லீவு போட்டுட்டு ஆஸ்பத்திரிக்கு வந்தேன். கூட்டத்துல பூந்து உங்க பக்கத்துலயே வந்து நின்னேன். நீங்க நிமிந்துகூடப் பாக்கல. 'கொஞ்சம் தள்ளி நில்லுங்கம்மா'ன்னீங்க. ஒரு தடவை இல்ல, ரெண்டு தடவை. டோக்கன் அக்கா என்னப் பாத்துக்கிட்டே இருந்தாங்க. அவங்க கையில பெட்டியக் குடுத்துட்டு வந்துட்டேன்."

"உன் செருப்பு எனக்குத் தெரியுமே..."

"அன்னிக்குப் புதுச் செருப்பு."

ஆஸ்பத்திரிக்குள் நானூறு ஜோடிச் செருப்புக்கு நடுவே ஒரு புது ஜோடி. அவன் என்னதான் யோசித்தும் ஞாபகம் வரவில்லை. வராததுதான் அவனுக்கு அதிகமாக வலித்தது.

"சரி, வேல மும்முரம்னு மனசத் தேத்திக்கிட்டேன். சாயங்காலம் வீட்ல சோபாவுல உக்காந்திருந்தேன். அங்கயும் வந்து, அதே குரல்ல, 'கொஞ்சம் தள்ளி உக்காரு'ன்னீங்க. அதான் எந்திரிச்சு நாற்காலிக்குப் போயிட்டேன்."

இது ஞாபகம் இருந்தது. நன்றாகவே இருந்தது. "அடியேய், நீ நடு சோபாவுல உக்காந்திருந்த. நான் பக்கத்துல உக்காரத்தான் எடம் கேட்டேன். கையில ரெண்டு டீ டம்ளர் இருந்துச்சே! ஒண்ணு யாருக்குன்னு நெனச்ச?"

"டம்ளர நான் பாக்கல. குரலத்தான் கேட்டேன்."

"நீ பொசுக்குனு எந்திரிச்சுப் போனதும் ரெண்டு டீயையும் நானே குடிச்சேன். தூக்கமே வரல."

அவளுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். அழுகையும் வந்தது, அதை அடக்கவில்லை. வீட்டுக்குப் போய்ச் சேரும்வரை புறங்கையால் துடைத்துக்கொண்டே நடந்தாள். போவதா வேண்டாமா என்பதைப் பற்றி அன்று இரண்டு பேருமே வாயைத் திறக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. வழக்கமாக ஏறியதும் கூட்டத்தில் ஆளுக்கொரு பக்கம் போய்விடுவார்கள். இன்று அவள் அவனுக்கு நேர் எதிரே வந்து நின்றாள். கண்டக்டர், "உள்ள போங்க, உள்ள போங்க" என்று கத்தினார். யாரோ ஒருவன் முதுகுப்பையால் இவனை முன்னால் தள்ளினான், யாரோ ஒருத்தி முழங்கையால் அவளை இந்தப் பக்கம் நெட்டினாள். மற்ற நாளாக இருந்தால் இரண்டு பேருக்கும் பாடம் நடத்தியிருப்பான். இன்று அந்த முதுகுப்பைக்காரன் நல்லா இருக்கட்டும் என்று நினைத்தான்.

ஒரு கை கம்பியில், ஒரு கையில் இரண்டு பேருடைய சாப்பாட்டுப் பையும். கண்ணாடி மூக்கு நுனிக்கு நழுவியது. அவள் ஒரு விரலால் மேலே ஏற்றினாள். அது உடனே இறங்கியது. அவள் முகம் கடை முகமாக மாறிற்று. கண்ணாடியைக் கழற்றித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"காதுக்குப் பின்னாடி வளைக்கவே இல்லையே. எட்டு மாசமா இதையா மாட்டிட்டுத் திரியறீங்க?"

"நீ வளைச்சுத் தருவேன்னு இருந்தேன்."

"கையால வளைச்சா ஒடஞ்சிரும், சூடு காட்டணும். கடைக்கு வாங்க."

கண்ணாடி இல்லாவிட்டால் அவனுக்குக் கிட்டத்தில் இருப்பது மட்டும்தான் தெரியும். பஸ்ஸும் கூட்டமும் கலங்கிப்போய், அவள் முகம் மட்டும் தெளிவாக இருந்தது. கேட்கப் பயமாக இருந்தது. இருந்தாலும் கேட்டான். "எந்தக் கடைக்கு?"

ஒரு நிறுத்தம் போயிற்று. இறங்கியவர்களைவிட ஏறியவர்கள் அதிகம்.

"புதுக் கடைக்கு" என்றாள். அவன் கண்ணை மூடிக்கொண்டான். "இந்த வேல எனக்குப் பிடிச்சிருக்கு. பதினஞ்சு வருஷமா அடுத்தவங்களுக்குக் கீழ நின்னுட்டேன். சனிக்கிழம மத்தியானம் உங்க ட்யூட்டி முடியுமில்ல? பஸ் ஏறினா பொழுது சாயறதுக்குள்ள வந்துரலாம்."

"ஒரு தடவை வந்தா சரியாயிருமா?"

"ஆகாது. இவ்ளோ லூசாயிருக்கே, வாராவாரம் வரணும்" என்றாள், வாடிக்கையாளரிடம் சொல்வதுபோல. சொல்லிக்கொண்டே கண்ணாடியை அவன் மூக்கில் அவளே மாட்டிவிட்டாள்.

அவள் போகிறாள் என்பது வலிக்கத்தான் செய்தது. அந்தப் புதுக் கடையில் அவள் தொடப்போகும் காதுகள் மேல் இப்போதே கொஞ்சம் பொறாமையும் வந்துவிட்டது. ஆனால் அவன் ஒட்டிக்கொண்டு நின்றான், அவளும் நகரவில்லை. மூன்று பேரைத் தாண்டி வந்த கண்டக்டர் அவனை முறைத்தார்.

"யோவ், ரொம்ப நேரமாப் பாக்கறேன். அந்தம்மாகிட்டேர்ந்து கொஞ்சம் தள்ளி நில்லுய்யா!"

பதினோரு வருஷமாக அவன் சொல்லி வந்ததை முதல் தடவையாக ஒருத்தர் அவனிடம் சொன்னார். பழக்கதோஷத்தில் கண் தரைக்குப் போயிற்று. அவன் ஷூ அவளுடைய செருப்புகளுக்கு நடுவே இருந்தது. எட்டு மாதப் பழசான, பக்கவாட்டில் பச்சைப் பூ தைத்த செருப்பு.

அதற்குள் அவள் பதில் சொல்லிவிட்டாள். "எங்க வீட்டுக்காரருங்க. நிக்கட்டும்."